‘பாதுகாப்பே முதன்மை’ என்று டிக் அடித்தவர்கள் ஏன் வாய் திறப்பதில்லை?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். உங்கள் மருத்துவமனையில் நோயாளி பாதுகாப்பு பற்றி ஊழியர்களிடம் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தியிருக்கிறீர்கள். ஏறக்குறைய எல்லாருமே பாதுகாப்பு முக்கியம் என்றுதான் டிக் அடித்திருக்கிறார்கள். ஆனாலும் மருந்து மாறிப்போவது, டோஸ் தவறுவது, நோயாளி கட்டிலிலிருந்து விழுவது எதுவும் குறையவில்லை. ‘இவர்களின் மனப்பான்மையை மாற்ற என்ன பயிற்சி கொடுக்கலாம்?’ என்று கேட்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: கோளாறு ஊழியர்களிடமா, அவர்களை வேலை வாங்கும் முறையிலா? நீங்கள் உண்மையில் கேட்பது அதைத்தான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் வார்டு நர்ஸாகத் தொடங்கி, ஆபரேஷன் தியேட்டர், ஐசியூ என்று சுற்றிவிட்டு, பிறகு பல வருடங்கள் தரப் பிரிவில் இன்சிடென்ட் ரிப்போர்ட் (தவறு நடந்தால் ஊழியர் எழுதிக் கொடுக்கும் அறிக்கை) படிப்பதையே பிழைப்பாகக் கொண்டிருந்தவள். பார்த்ததெல்லாம் உள்நோயாளிப் படுக்கைகள் நிறைய உள்ள பெரிய மருத்துவமனைகள். சிறிய கிளினிக்குகளுக்கும் மனநல மருத்துவமனைகளுக்கும் நான் சொல்வது அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

முதலில் அந்தக் கணிப்பையே எடுத்துக்கொள்வோம். ‘நோயாளி பாதுகாப்பு முக்கியமானது’ என்ற வாக்கியத்துக்கு எவர்தான் ‘இல்லை’ போடுவார்? அதில் 95 சதவீதம் வந்தாலும் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. உலகம் முழுக்கப் பயன்படும் நல்ல வினாத்தாள்கள் அப்படிக் கேட்பதில்லை. பிரையன் செக்ஸ்டன் என்ற ஆய்வாளரின் குழு 2006-இல் வெளியிட்ட பாதுகாப்பு மனப்பான்மை வினாத்தாள் ஆறு பகுதிகளைப் பார்க்கிறது: குழுவேலை, பாதுகாப்புச் சூழல், வேலைத் திருப்தி, நிர்வாகம் பற்றிய எண்ணம், வேலைச் சூழ்நிலை, மன அழுத்தம் தன் வேலையைப் பாதிக்கிறது என்று ஒப்புக்கொள்ளும் தன்மை. ‘இங்கே நோயாளிக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றினால் அதைச் சொல்வது கஷ்டம்’ என்கிற மாதிரி வாக்கியங்கள் அதில் இருக்கும். அமெரிக்க அரசின் ஏ.எச்.ஆர்.க்யூ. என்ற மருத்துவத் தர ஆய்வு நிறுவனம் 2004-இல் வெளியிட்டு 2019-இல் திருத்திய இன்னொரு வினாத்தாளும் பரவலாக இருக்கிறது. அதில் வருடம் தவறாமல் குழுவேலைக்கு நல்ல மதிப்பெண் வரும். தவறு செய்தால் தண்டனை கிடைக்குமா என்ற பகுதி கடைசி வரிசையில் கிடக்கும். ‘எங்கள் வார்டில் ஒற்றுமையாக இருக்கிறோம், ஆனால் தவறு நடந்தால் தலை உருளும்’ என்று பல நாட்டு ஊழியர்களும் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் கணிப்பில் இந்தப் பகுதி இருந்ததா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்க வேண்டியதைக் கேட்கவே இல்லை.

இருந்தால், மருத்துவமனையின் மொத்தச் சராசரியைப் பார்க்காதீர்கள். அதில் ஒரு பயனும் இல்லை. ஒரே மருத்துவமனையில் மூன்றாம் மாடி ஐசியூவும் நான்காம் மாடி ஐசியூவும் இரண்டு தனி நாடுகள் மாதிரி இருக்கும். வார்டு வாரியாகப் பாருங்கள், பதவி வாரியாகப் பாருங்கள். 2000-இல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் செக்ஸ்டன், தாமஸ், ஹெல்ம்ரீக் மூவரும் வெளியிட்ட ஆய்வில், அறுவை மருத்துவர்களுடன் குழுவேலை நன்றாக இருக்கிறது என்று சொன்ன மூத்த அறுவை மருத்துவர்கள் 64 சதவீதம். அதே தியேட்டரில் நிற்கும் அறுவை நர்ஸ்களில் அப்படிச் சொன்னவர்கள் 28 சதவீதம். ஒரே மேசை, ஒரே நோயாளி. மேலே இருப்பவருக்கு எல்லாம் சுமுகமாகத் தெரிவதும் கீழே இருப்பவருக்கு மூச்சு முட்டுவதும் ஒரே நேரத்தில் நடக்கும். உங்கள் கணிப்பிலும் நிர்வாகிகளின் மதிப்பெண்ணையும் இரவு டூட்டி நர்ஸ்களின் மதிப்பெண்ணையும் தனித்தனியாகப் பிரித்து வைத்தால் இந்த இடைவெளி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். என்னைக் கேட்டால் கணிப்பில் உருப்படியாகப் பார்க்க வேண்டிய ஒரே எண் அந்த இடைவெளிதான்.

அதே ஆய்வு விமானிகளையும் மருத்துவர்களையும் ஒப்பிட்டது. ‘மூத்தவர் எடுத்த முடிவை இளையவர் கேள்வி கேட்கக் கூடாது’ என்ற எண்ணத்தை விமானிகளில் 97 சதவீதம் பேர் மறுத்தார்கள். மூத்த அறுவை மருத்துவர்களில் மறுத்தவர்கள் 55 சதவீதம்தான். ‘களைத்திருந்தாலும் முக்கியமான நேரத்தில் நான் நன்றாகவே வேலை செய்வேன்’ என்று சொன்ன விமானிகள் 26 சதவீதம், மூத்த அறுவை மருத்துவர்கள் 70 சதவீதம். இது ஆணவம் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். நான் அப்படி நினைக்கவில்லை. 30 மணி நேரம் விழித்திருந்து ஒரு வேலையைச் செய்தே ஆக வேண்டியவர், ‘எனக்குக் களைப்பு பாதிக்கும்’ என்று நம்பிக்கொண்டு அந்த வேலையைச் செய்ய முடியாது. நம்பாமல் இருக்கப் பழகிக்கொள்கிறார். டூட்டி பட்டியல்தான் அந்த மனப்பான்மையை உருவாக்குகிறது. 2004-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், நீண்ட ஷிப்ட் பார்த்த பயிற்சி மருத்துவர்கள், அந்த ஷிப்ட்டை வெட்டிச் சுருக்கிய அட்டவணையில் வேலை செய்தவர்களைவிட 36 சதவீதம் அதிகமாகக் கடுமையான தவறுகள் செய்தார்கள். அவர்களிடம் மனப்பான்மை வகுப்பு யாரும் எடுக்கவில்லை. அட்டவணையைத்தான் மாற்றினார்கள்.

இனி வாய் திறப்பது பற்றி. பிரிட்டனில் 2005-இல் நடந்த ஒரு மரணம் இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்தது. சைனஸுக்கான சாதாரண அறுவைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு மூச்சுக்குழாய்க்குள் குழாய் போட முடியவில்லை. அனுபவமுள்ள மருத்துவர்கள் மூன்று பேர் மறுபடி மறுபடி குழாய் போடவே முயன்றுகொண்டிருந்தார்கள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஒரு நர்ஸ் கழுத்தில் துளையிடும் கருவிப் பெட்டியைக் கொண்டுவந்து, தயாராக இருக்கிறது என்று சொன்னார். இன்னொரு நர்ஸ் ஐசியூவில் படுக்கை கேட்டு போன் செய்தார். திரும்பி வந்தபோது ‘எதற்கு இவ்வளவு பதற்றம்’ என்பது போன்ற பார்வை கிடைத்ததால் அந்தப் படுக்கையை ரத்து செய்தார். அந்தப் பெண் 13 நாள் கழித்து இறந்துபோனார். என்ன செய்ய வேண்டும் என்று அறையில் இருந்த நர்ஸ்களுக்குத் தெரிந்திருந்தது. அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. இறந்தவரின் கணவர் மார்ட்டின் புரோமிலி ஒரு விமானி. யாரையும் சிறைக்கு அனுப்பச் சொல்லாமல், இது எப்படி நடந்தது என்று கேட்டு, மருத்துவத்தில் மனிதக் காரணிகளை, அதாவது மனிதர்கள் வேலை செய்யும் விதம் தவறுகளுக்கு எப்படி வழிவிடுகிறது என்பதைப் பற்றிப் பேசும் ஓர் அமைப்பை 2007-இல் தொடங்கினார்.

இந்த நர்ஸ்களுக்கு உங்கள் கணிப்புத் தாளைக் கொடுத்திருந்தால் ‘பாதுகாப்பே முதன்மை’ என்ற இடத்தில் டிக் போட்டிருப்பார்கள், பொய்யாக அல்ல, மனதாரவே. ஆக நம்பிக்கை இருக்கிறது, அறிவும் இருக்கிறது. ‘நான் சொன்னால் எடுபடுமா, சொன்ன பிறகு எனக்கு என்ன ஆகும்’ என்ற கணக்குதான் குறுக்கே நிற்கிறது. அந்தக் கணக்கை ஊழியர்கள் வகுப்பில் கற்பதில்லை. போன முறை ஒருவர் சொன்னபோது என்ன நடந்தது என்று பார்த்துக் கற்கிறார்கள். ஒரு சிஸ்டர் ‘டாக்டர், இந்த டோஸ் அதிகமாக இருக்கிற மாதிரி தெரிகிறது’ என்று கேட்டு, ‘நீங்கள் மருந்தைக் கொடுங்கள், டோஸை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று பதில் வாங்கினால், அன்று மாலைக்குள் மொத்த வார்டுக்கும் அது தெரிந்துவிடும். அடுத்த ஒரு வருடத்துக்கு அந்த வார்டில் யாரும் டோஸ் கேட்க மாட்டார்கள். நீங்கள் எத்தனை போஸ்டர் ஒட்டினாலும் சரி.

இன்சிடென்ட் ரிப்போர்ட் விஷயத்துக்கு வருவோம். ரிப்போர்ட் எண்ணிக்கை குறைந்தால் நல்லது, கூடினால் கெட்டது என்று நினைக்கும் நிர்வாகிகளோடு நான் சண்டை போட்டே களைத்துவிட்டேன். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்து 1996-இல் வெளியிட்ட கட்டுரை இந்த எண்ணத்தைத் தலைகீழாக்கியது. நல்ல தலைமையும் நல்ல குழுவேலையும் உள்ள பிரிவுகளில் தவறு குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். பதிவான தவறுகள் அங்கேதான் அதிகம். காரணம், அந்தப் பிரிவுகளில் தவறைப் பற்றிப் பேச முடிந்தது. மற்ற இடங்களில் தவறு நடந்தது, பேச்சு நடக்கவில்லை. நான் ஒரு வார்டின் கோப்பைத் திறந்து, ஆறு மாதமாக மருந்துத் தவறு பூஜ்யம் என்று பார்த்தால் அந்த வார்டுக்குத்தான் முதலில் போவேன். முப்பது நோயாளி, ஒவ்வொருவருக்கும் நாளைக்குப் பத்து மருந்து என்று வைத்தால் ஆறு மாதத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேல் டோஸ். அதில் ஒன்றுகூடத் தவறவில்லை என்பதை நம்புவதற்கு எனக்கு இன்னும் கொஞ்சம் வயது குறைவாக இருக்க வேண்டும்.

பயம் மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. அமெரிக்க சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2012-இல் வெளியிட்ட அறிக்கையில், நோயாளிகளுக்கு நேர்ந்த பாதிப்புகளில் 14 சதவீதம் மட்டுமே மருத்துவமனைகளின் ரிப்போர்ட் முறையில் பதிவாகியிருந்தது. பதிவாகாதவற்றில் பெரும்பகுதி, ஊழியர்கள் ‘இது ரிப்போர்ட் செய்ய வேண்டிய விஷயம்’ என்றே நினைக்காதவை. படுத்த படுக்கையாக இருப்பவருக்குப் புண் வந்தது, அறுவைக்குப் பிறகு தொற்று வந்தது என்றால் ‘அது வரத்தான் செய்யும்’ என்று விட்டுவிடுகிறார்கள். இங்கே வேலை செய்வது பயம் இல்லை, பழக்கம். கண்ணுக்கு முன்னால் நடக்கும் பாதிப்பு தினசரி காட்சியாகி மறைந்துபோவது. இந்த ஒரு இடத்தில் வகுப்பு எடுத்தால் பலன் இருக்கும். எதையெல்லாம் எழுத வேண்டும் என்று உதாரணங்களோடு காட்டினால் எழுதுகிறார்கள்.

எழுதிய பிறகு அந்தத் தாள் எங்கே போகிறது என்பதையும் நீங்கள் ஒருமுறை பின்தொடர்ந்து பாருங்கள். நான் பார்த்த பல இடங்களில் அது இப்படிப் போகும்: இரவு இரண்டு மணிக்கு நடந்ததை நர்ஸ் காலை டூட்டி முடிந்ததும் அரை மணி நேரம் உட்கார்ந்து எழுதுவார், நான்கு பக்கம், அதில் இரண்டு பக்கம் தேவையே இல்லாத கட்டங்கள். வார்டு இன்சார்ஜ் கையெழுத்து, நர்ஸிங் சூப்பிரண்டெண்ட் கையெழுத்து, பிறகு தரப் பிரிவு. ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘கவனக்குறைவு’. ‘எடுத்த நடவடிக்கை’ என்ற கட்டத்தில் ‘ஊழியருக்கு அறிவுரை வழங்கப்பட்டது’. கோப்பு மூடப்பட்டது. எழுதியவருக்குத் திரும்பி வருவது ஒன்றுமில்லை, அல்லது ஒரு மெமோ. ‘கவனக்குறைவு’ என்று எழுதிய ரிப்போர்ட் படிக்கப்படாத ரிப்போர்ட் என்பது என் அபிப்பிராயம். கவனம் ஏன் குறைந்தது என்பதில்தானே விஷயமே இருக்கிறது. அந்த நேரத்தில் எத்தனை நோயாளிகள் மணி அடித்துக் கூப்பிட்டார்கள், எத்தனை அட்மிஷன் வந்தது, மாறிப்போன இரண்டு ஆம்பியூலும் (ஊசி மருந்துக் குப்பி) எந்தத் தட்டில் இருந்தன என்று யாரும் கேட்பதில்லை.

ஆம்பியூல் என்றதும் இதைச் சொல்ல வேண்டும். அடர்ந்த பொட்டாசியம் குளோரைடும் உப்புநீரோ வடிகட்டிய நீரோ உள்ள ஆம்பியூலும் கையில் எடுத்தால் ஒரே அளவு, ஒரே நிறமற்ற திரவம், பல நேரம் ஒரே மாதிரி லேபிள். தவறுதலாகப் பொட்டாசியத்தை நேராக ரத்தக்குழாயில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். இதற்கு ‘லேபிளைப் படியுங்கள்’ என்று எத்தனையோ வருடம் வகுப்பு எடுத்தார்கள். மருத்துவமனைகளுக்குத் தர அங்கீகாரம் தரும் அமெரிக்காவின் ஜாயின்ட் கமிஷன் 1998-இல் வெளியிட்ட முதல் எச்சரிக்கை அறிக்கையே இதைப் பற்றித்தான்: அடர்ந்த பொட்டாசியத்தை வார்டு அலமாரியிலிருந்தே எடுத்துவிடுங்கள் என்றது. மருந்தகத்தில் கலந்து அனுப்பினால் வார்டில் மாற்றி எடுக்க ஆம்பியூலே இருக்காது. ஊழியரின் மனம் அன்றைக்கு எப்படி இருந்தாலும் பரவாயில்லை. இதுதான் எனக்குப் பிடித்த வகைத் தீர்வு, மனப்பான்மையை நம்பாத தீர்வு.

எதிர்ப்பக்கமும் உண்டு. பாதுகாப்புக்கென்று வைத்த கருவியையே ஊழியர்கள் சுற்றிக்கொண்டு போவார்கள். நோயாளியின் கைப்பட்டையில் உள்ள பார்கோடை ஸ்கேன் செய்துவிட்டு மருந்து கொடுக்கும் முறையை ராஸ் காப்பெல் என்ற ஆய்வாளரின் குழு ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டது. 15 வகைக் குறுக்குவழிகளும், அவற்றுக்கு 31 வகைக் காரணங்களும் கிடைத்தன. கைப்பட்டையின் நகலை அச்சிட்டு வேறு இடத்தில் ஒட்டி வைத்து அதை ஸ்கேன் செய்வது அவற்றில் ஒன்று. கேட்டவுடன் ‘என்ன அலட்சியம்!’ என்று தோன்றும். காரணங்களைப் படித்தால் வேறு கதை: பட்டை நனைந்து கிழிந்திருக்கும், ஸ்கேனர் படிக்காது, பேட்டரி தீர்ந்திருக்கும், வண்டி அறைக்குள் நுழையாது, அந்த நோயாளி தொற்றுத் தடுப்பு அறையில் இருப்பார். மருந்தை நேரத்துக்குக் கொடுக்க வேண்டும் என்ற அக்கறையிலேயே விதியை மீறுகிறார்கள். இவர்களிடம் போய் ‘பாதுகாப்பு மனப்பான்மை’ பற்றி ஸ்லைடு போட்டுக் காட்டினால் மரியாதைக்குச் சிரிப்பார்கள்.

சரி, அப்படியானால் யாரையும் தண்டிக்கவே கூடாதா? இல்லை. இங்கே மனிதத் தவறுகளை ஆராய்ந்த உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் பிரபலமாக்கிய ஒரு சோதனை உதவும்: அதே பயிற்சி, அதே அனுபவம் உள்ள இன்னொருவரை அதே நேரத்தில் அதே இடத்தில் நிறுத்தியிருந்தால் அவரும் அதையே செய்திருப்பாரா? செய்திருப்பார் என்றால் இவரைத் தண்டித்து ஒன்றும் ஆகாது. அடுத்தவர் அதே இடத்தில் தடுக்கி விழுவார். குடித்துவிட்டு வந்தவர், ஆபத்து என்று தெரிந்தும் சோம்பலால் சோதனையைத் தவிர்த்தவர், நடந்ததை மறைக்க கேஸ் ஷீட்டைத் திருத்தியவர் ஆகியோர் வேறு ரகம். அவர்களைக் கண்டிக்காமல் விட்டாலும் மற்ற ஊழியர்களின் நம்பிக்கை போய்விடும், ஒழுங்காக வேலை பார்ப்பவர்களுக்கு அதைவிட எரிச்சல் தருவது வேறில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சாம்பல் பகுதி இருக்கிறது. எல்லாரும் செய்கிற குறுக்குவழியை ஒருவர் செய்து, அன்று பார்த்து நோயாளி பாதிக்கப்பட்டால் என்ன செய்வது? இதில் நல்ல மனிதர்களே வேறு வேறு முடிவுக்கு வருகிறார்கள். என் நிலை இதுதான்: நோயாளிக்கு என்ன ஆனது என்பதை வைத்துத் தண்டனையை முடிவு செய்யாதீர்கள். நேற்றுவரை கண்டுகொள்ளாமல் விட்ட பழக்கத்துக்கு இன்று ஒருவரை மட்டும் பலி கொடுப்பது நியாயம் இல்லை.

அமெரிக்காவில் 2017-இல் ஒரு நர்ஸ், கணினி வழியாகத் திறக்கும் மருந்துப் பெட்டியின் தடையைத் தாண்டி, அமைதிப்படுத்தும் மருந்துக்குப் பதிலாகத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்தை எடுத்துச் செலுத்தியதில் நோயாளி இறந்தார். அவர் தவறைத் தானே ஒப்புக்கொண்டவர். 2022-இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. தண்டனை மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பு. எச்சரிக்கைகளைக் கவனிக்காமல் போனதற்கு அவர் பொறுப்பேற்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பைப் படித்த நர்ஸ்களில் எத்தனை பேர் ‘இனி ஒப்புக்கொள்ளக் கூடாது’ என்ற பாடத்தை எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று யோசித்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி நான் உறுதியாகச் சொல்லக்கூடியது: மேல்-கீழ் வித்தியாசம் வாயை அடைக்கும், தண்டனை பதிவைக் குறைக்கும், களைப்பு தவறைக் கூட்டும், ஆபத்தான பொருளை அகற்றுவது அறிவுரையைவிட வலிமையானது. அடுத்தது சந்தேகத்துக்குரிய பகுதி. கணிப்பு மதிப்பெண் ஏறினால் நோயாளிக்கு நேரும் பாதிப்பு குறையுமா? நல்ல மதிப்பெண் உள்ள இடங்களில் விளைவுகளும் ஓரளவு நன்றாக இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் எதனால் எது என்பது தெளிவில்லை. போதுமான ஆட்களும் நல்ல தலைமையும் உள்ள வார்டில் இரண்டுமே நன்றாக இருக்கும். மனப்பான்மை அங்கே காரணமாக இல்லாமல் கூட வந்த விருந்தாளியாகவும் இருக்கலாம். செக்ஸ்டன் வினாத்தாளில் மன அழுத்தத்தை ஒப்புக்கொள்ளும் பகுதியோ மற்ற ஐந்து பகுதிகளோடு சேர்ந்து நகருவதே இல்லை என்பதால், அதைக் கணக்கில் சேர்க்கவே கூடாது என்று வாதிடுபவர்களும் உண்டு. நானும் அதைத் தனியாகவே வைப்பேன்.

சரிபார்ப்புப் பட்டியல் விஷயத்தில் இந்தச் சந்தேகம் நன்றாகத் தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் 19 அம்ச அறுவைப் பட்டியலை எட்டு நகரங்களில் சோதித்து 2009-இல் வெளியிட்டபோது, மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகவும் இறங்கின. அப்புறம் கனடாவின் ஒண்டாரியோவில் 101 மருத்துவமனைகள் பட்டியலைக் கொண்டுவந்தன. 2014-இல் முடிவு வெளியானபோது குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. தாள் ஒன்றுதான், பலன் ஏன் வேறு? கால அளவு போதவில்லை, முதலிலேயே மரண விகிதம் குறைவு என்று விளக்கங்கள் உண்டு. தியேட்டரில் நின்றவளாக எனக்கு இன்னொரு விளக்கமும் தெரியும். அறுவை முடிந்து நோயாளியை ரெக்கவரிக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது, சர்க்குலேட்டிங் நர்ஸ் (அறுவையில் கை வைக்காமல் வெளி வேலைகளைப் பார்ப்பவர்) கடைசி மூலையில் நின்று பட்டியலைப் பூர்த்தி செய்வதைப் பார்த்திருக்கிறேன். பத்தொன்பது டிக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே வீச்சு. தோலைக் கீறுவதற்கு முன் எல்லாரும் கையை நிறுத்திவிட்டுப் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்பது பட்டியலில் இருக்கிறது. அந்த நேரத்தில் அறுவை மருத்துவர் கை கழுவிக்கொண்டிருந்தார். தாளைத் தணிக்கை செய்தால் நூற்றுக்கு நூறு.

மிச்சிகன் மாநில ஐசியூக்களில் நடந்த வேலையைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். பெரிய ரத்தக்குழாய்க்குள் மருந்துக்காகச் செருகும் குழாயால் வரும் தொற்றைத் தடுக்க ஐந்து எளிய பழக்கங்களைக் கட்டாயமாக்கினார்கள். மருத்துவர் அவற்றில் ஒன்றைத் தவறவிட்டால், அவசர நிலை இல்லாதபோது நர்ஸ் செயல்முறையை நிறுத்தலாம் என்று அதிகாரமும் கொடுத்தார்கள். 2006-இல் வெளியான முடிவின்படி, ஆயிரம் குழாய்-நாளுக்கு (ஒரு நோயாளிக்கு ஒரு நாள் குழாய் இருந்தால் ஒரு குழாய்-நாள்) 2.7 ஆக இருந்த தொற்றின் இடைநிலை விகிதம் மூன்றே மாதத்தில் பூஜ்யமானது. பிறகு இங்கிலாந்து அதே மாதிரி ஒரு திட்டத்தை நாடு முழுக்க நடத்தியது. தொற்று அங்கேயும் குறைந்தது. ஆனால் திட்டம் இல்லாமலே குறைந்துகொண்டிருந்த வேகத்தைவிட அதிகம் என்று காட்ட முடியவில்லை. ஐந்து பழக்கங்களையும் பெட்டியில் கட்டி அனுப்பிவிடலாம். நிறுத்து என்று சொன்ன நர்ஸுக்கு அன்று இரவு நிர்வாகம் துணை நிற்குமா என்பதைக் கட்டி அனுப்ப முடியாது. வித்தியாசத்துக்கு முழுக் காரணம் இதுதான் என்று நிரூபிக்கும் ஆய்வு என் கையில் இல்லை; பல வருடம் பார்த்ததில் என் சாய்வு அந்தப் பக்கம்.

உங்கள் பயிற்சி கேள்விக்கு வருகிறேன். ‘மனப்பான்மை’ என்ற தலைப்பில் அரைநாள் வகுப்பு வேண்டாம். கைக்குப் பழகும் ஒரு குறிப்பிட்ட வேலைக்குப் பயிற்சி கொடுங்கள். டூட்டி மாறும்போது நோயாளியை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவர் நல்ல தொடக்கம். ஒன்பது குழந்தைகள் மருத்துவமனைகளில் ஹேண்ட்ஓவர் முறையை ஒழுங்கு செய்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதம் குறைந்தன. நோயாளி எவ்வளவு மோசமாக இருக்கிறார், இரவில் என்ன நடக்கலாம், நடந்தால் என்ன செய்வது என்று ஒரே வரிசையில் சொல்வது, கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்வது, அவ்வளவுதான். இப்படித் தினமும் திருப்பிச் சொல்லிப் பழகிய இளைய மருத்துவருக்கு, மூத்தவரிடம் ‘சார், இன்னொரு முறை சொல்லுங்கள்’ என்று கேட்பது கூச்சமாக இருப்பதில்லை. நடத்தை முதலில் மாறி, மனப்பான்மை பின்னால் வருவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

வாய் திறப்பதற்கும் இப்படி ஒரு சொற்றொடர் வரிசை கற்றுக்கொடுக்கலாம்: முதலில் ‘எனக்குக் கவலையாக இருக்கிறது’, பிறகு ‘இது எனக்குச் சரியாகப் படவில்லை’, கடைசியாக ‘இது நோயாளிக்கு ஆபத்து, நிறுத்துங்கள்’. ஆனால் இளையவர்களுக்கு மட்டும் இதைக் கற்றுக்கொடுத்துவிட்டு மூத்தவர்களை விட்டுவிடுவது பெரும் தப்பு. கேட்பவர் ‘சொன்னதற்கு நன்றி, பார்க்கிறேன்’ என்று பதில் சொல்லும் பயிற்சிதான் முதலில் நடக்க வேண்டும், அதுவும் துறைத் தலைவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து. அவர்கள் வரமாட்டார்கள் என்றால் மொத்தப் பயிற்சியையும் தள்ளிப்போடுங்கள். பேசச் சொல்லிக்கொடுத்து அடி வாங்க வைப்பதைவிட அது மேல்.

இப்போது கையில் இருக்கும் கணிப்பை வைத்து என்ன செய்வது? முடிவுகளை நிர்வாகக் கூட்டத்தில் மட்டும் காட்டாமல், ஒவ்வொரு வார்டுக்கும் அவர்களுடைய எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போய், இரவு டூட்டிக்காரர்களும் வரக்கூடிய நேரத்தில் உட்காருங்கள். ஐந்தாறு பேர்கூடப் பதில் போடாத பிரிவின் எண்ணைக் காட்டாதீர்கள், யார் எதைப் போட்டார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற ஒரே ஒரு கேள்வியை எடுத்து, ‘இது கடைசியாக எப்போது நடந்தது?’ என்று கேளுங்கள். முதலில் அமைதியாக இருப்பார்கள். அப்புறம் யாராவது ஒருவர் அநேகமாக ஒரு சின்ன விஷயம் சொல்வார்: மருந்து வண்டியின் பூட்டு வேலை செய்யவில்லை, இரவில் மருந்தகத்துக்கு போன் போனால் யாரும் எடுப்பதில்லை, இரண்டு இன்சுலின்கள் ஒரே தட்டில் இருக்கின்றன. அதை ஒரு மாதத்துக்குள் சரி செய்து, சொன்னவர் சொன்னதால்தான் சரியானது என்று வார்டில் அறிவியுங்கள், அவர் சம்மதித்தால் பெயரோடு. நிர்வாகிகள் வார்டைச் சுற்றிப் பார்த்துக் குறைகளைக் கேட்டுவிட்டு எதையும் செய்யாமல் போனால், சுற்றாமலே இருந்திருக்கலாம் என்ற நிலைக்கு ஊழியர்கள் வந்துவிடுவார்கள். அதனால் செய்ய முடிந்ததை மட்டும் கேளுங்கள்.

அடுத்த கணிப்பை ஒன்றரை, இரண்டு வருடம் கழித்து எடுங்கள், அதற்கு முன் வேண்டாம். மதிப்பெண்ணைச் சம்பள உயர்வோடோ இன்சார்ஜின் பதவி உயர்வோடோ முடிச்சுப் போடாதீர்கள். போட்டால் அடுத்த முறை நூறு வரும், அதற்குப் பிறகு உங்களால் எதையுமே தெரிந்துகொள்ள முடியாது. இடைப்பட்ட காலத்தில் ரிப்போர்ட் எண்ணிக்கை கூடும். இயக்குநர் உங்களைக் கூப்பிட்டு ‘என்ன, தவறுகள் இரண்டு மடங்காகிவிட்டதே?’ என்று கேட்பார். அந்தக் கூட்டத்துக்கு இப்போதே தயாராகிக்கொள்ளுங்கள்: நோயாளிக்குப் பாதிப்பு ஏற்படுத்திய சம்பவங்களையும், நடக்கவிருந்து தடுக்கப்பட்ட சம்பவங்களையும் இன்றிலிருந்தே தனித்தனிக் கோடாக வரைந்து வையுங்கள். தடுக்கப்பட்டவற்றின் கோடு ஏறி, கடுமையான பாதிப்பின் கோடு ஏறாமல் இருந்தால் நீங்கள் சரியான பாதையில் போகிறீர்கள். இரண்டும் சேர்ந்து ஏறினால் என்னிடம் மறுபடி கேளுங்கள், ஆனால் அதற்கு முன் அந்த வார்டில் இரவில் எத்தனை நோயாளிக்கு எத்தனை நர்ஸ் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.